மச்சான் இன்னிக்கும் வரல

ஜனவரி 9

அண்ணனுக்கு,

என் வீட்டுக்காரர் இறந்து இன்றோடு முப்பத்தாறு நாள். அன்று நான் போன் செய்தபோது அண்ணி எடுத்தார்கள். நீங்கள் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். பின்னாலிருந்து உங்கள் இருமல் கேட்டது. இருபத்திரண்டு வருடம் அடுத்த அறையிலிருந்து கேட்ட இருமல், எனக்கா தெரியாது?

துக்கம் விசாரிக்க வராததற்காக இதை எழுதவில்லை. அந்தக் கோபம் சின்னது. பெரியது வேறு.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஏழு மாடிக் கட்டிடத்தில் மூன்றாம் மாடி லிப்ட் கதவை ஒரு தையல்காரம்மா இழுத்தார். கதவு திறந்தது, உள்ளே லிப்ட் இல்லை. குழிக்குள் விழுந்தார். கதவுப் பூட்டு தேய்ந்திருக்கிறது, லிப்டை நிறுத்துங்கள் என்று என் வீட்டுக்காரர் அதற்கு இரண்டு வாரம் முன்பே உங்களிடம் சொல்லியிருந்தார். அவர் வெறும் மெக்கானிக். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உச்சி மெஷின் ரூமிலிருந்து ஒவ்வொரு மாடிக் கதவாகப் பார்த்து, சோதனை அட்டையில் கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளியான நீங்கள். நீங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள். அந்த அம்மா விழுந்த பிறகு, என் வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டுப் புது அட்டை ஒன்றை மாட்டினீர்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். "மூணு பொண்ணு இருக்கும்மா எனக்கு. ரெண்டே மாசம். எல்லாத்தையும் நான் சரி பண்ணிடறேன்." நான் அவர் பக்கம் திரும்பி, "எங்கண்ணனைக் காட்டிக் கொடுத்துடாதீங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். லைசென்ஸ் போனது. தெருவில் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊரை விட்டு வந்தோம். உங்கள் இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை.

எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். ஒரு நாள்கூட உங்களைத் திட்டவில்லை. ஊரைத்தான் கேட்டார். மற்றவர்களுக்கு ஊர் என்றால் தெரு. இவருக்கு மொட்டை மாடி. மெஷின் ரூம் எல்லாம் அங்கேதானே இருக்கிறது. கல்யாணமான புதிதில் சாப்பாட்டுத் தூக்கோடு நானும் ஏறுவேன். நாங்கள் வந்து சேர்ந்த இந்த ஊரில் எல்லாமே ஒற்றை மாடி. கிடங்கில் மூட்டை அடுக்கும் ஏணியில் ஏறி நின்று எட்டிப் பார்ப்பாராம், எதிர்வீட்டுக் கூரை தெரியுமாம். "அச்சகத்து மாடியில என் நாற்காலி இருக்குமா?" என்பார். "பேங்க் குவார்ட்டர்ஸ்ல இருந்து பார்த்தா ரயில் திரும்புமே, அந்த வளைவுல இப்பவும் மெதுவாத்தான் போகுதா?" நான் "ஆமா" என்பேன். "நீ பார்த்தியா?" என்பார்.

உங்கள் கையெழுத்துள்ள பழைய அட்டையை எரித்துவிட்டேன் என்று அப்போது சொன்னேன். பொய். என்னிடம்தான் இருக்கிறது.

நான்கு கட்டிடம். ஒவ்வொன்றாகச் சொல்வேன். படியேறி உச்சிக்குப் போங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று உங்கள் கைப்பட எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் நீங்கள் அழுவீர்கள், நான் இளகிவிடுவேன். எழுதாவிட்டால் அட்டை லிப்ட் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகும்.

முதலில் பல் ஆஸ்பத்திரி.

தங்கை


ஜனவரி 18

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை போன செய்தி என்னை எப்படி உலுக்கியது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். வரவில்லை என்றால் மனமில்லை என்று அர்த்தமா? எந்த முகத்தோடு வருவது என்ற கூச்சம். போனில் அப்படிச் சொன்னதும் அண்ணியாகச் சொன்னது. நான் சொல்லச் சொல்லவில்லை.

நடந்தது நடந்துபோயிற்று. செத்த பாம்பை எத்தனை தடவை அடிப்பாய்? கம்பெனி அப்பா ஆரம்பித்தது. அதை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ அட்டை, அட்டை என்கிறாய். நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு அட்டையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்துவிட முடியும்? அது என் கையெழுத்துத்தான் என்று எவன் சொல்வான்? எனக்குப் பயமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இருந்தாலும் கணவனை இழந்து நிற்கிறவள் கேட்கிறாய். என் முட்டி வலி உலகப் பிரசித்தம். படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கூடப்பிறந்தவளுக்காக ஏறுகிறேன். மிரட்டலுக்காக இல்லை. அதை மட்டும் புரிந்துகொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

பல் ஆஸ்பத்திரி மாடிக்குப் போய்வந்தேன். ஏறி முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மேலே போனதும் சில்லென்ற காற்று முகத்தில் பட்டது. மேற்கே ஆறு வெள்ளிக் கம்பி போல நெளிந்து கிடக்க, அதன்மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இங்கேதானே நின்றிருப்பார் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. மெஷின் ரூம் சுத்தமாக இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.

இதோடு உன் மனம் ஆறும் என்று நம்புகிறேன். மற்ற மூன்றையும் நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்.

உன் அண்ணன்


பிப்ரவரி 10

அண்ணா,

நீ ஏறவில்லை.

'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. இனி வராது.

பல் ஆஸ்பத்திரி மாடியில் மேற்கே இருப்பது ஒரு விளம்பரப் பலகையின் முதுகு. அதை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லப் பார்ப்பாய். எடுத்திருந்தாலும் பின்னால் தானியக் கிடங்கின் சுவர்தான். ஆறு ஊருக்குக் கிழக்கே ஓடுகிறது, அண்ணா. பிறந்த ஊரில் ஐம்பத்தெட்டு வருடம் குடியிருந்துவிட்டு, ஆறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் கண்ணீர் விட்டிருக்கிறாய்.

ஏறாமலே எல்லாம் சரி என்று எழுதுவது உனக்கு வியாதி. அந்த வியாதி ஒரு பெண்ணின் காலையும் என் புருஷனின் உயிரையும் தின்றது. இன்னும் அதற்குப் பசி.

மெஷின் ரூம் கதவுக்குப் பின்னால் சுவரில் அவர் பென்சிலால் எழுதி வைப்பார். என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வார்த்தை பிசகாமல் பார்த்து எழுது. நீ ஏறியதற்கு அதுதான் சாட்சி. பதினைந்து நாள் தருகிறேன்.


பிப்ரவரி 21

தங்கைக்கு,

ஏறினேன். ஆறு மாடி, நூற்று முப்பத்திரண்டு படி, கடைசியில் ஒரு இரும்பு ஏணி. நாலாவது மாடியில், பல் பிடுங்கிக்கொண்டு இறங்கிய ஒரு பெண்மணி, வாயில் பஞ்சோடு எனக்கு ஒதுங்கி நின்று லிப்ட் பக்கம் கையைக் காட்டினாள். நம் கம்பெனி லிப்ட். அதன் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

விளம்பரப் பலகையின் முதுகுதான். துருப்பிடித்த சட்டம். அதில் கயிறு கட்டி ஆஸ்பத்திரியின் பச்சை மேலாடைகளைக் காயப் போட்டிருக்கிறார்கள். முப்பது நாற்பது இருக்கும். காற்றில் எல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருந்தன.

சுவரில் இருப்பது கீழே.

மார்ச் 4. மச்சான் இன்னிக்கும் வரல.

ஜூன் 7. மச்சான் வரல. முட்டி வலியாம்.

செப்டம்பர் 5. மச்சான் வரல. முட்டிக்கு என் வணக்கம்.

டிசம்பர் 3. மச்சான் வர்றேன்னு சொன்னார்னு ரெண்டு டீ வாங்கி வெச்சேன். ரெண்டையும் நானே குடிச்சேன்.

வேறெதுவும் எழுத எனக்கு இஷ்டமில்லை. இரண்டு நாளாகக் காலை மடக்க முடியவில்லை. உனக்கு இப்போது குளிர்ந்திருக்குமே.


பிப்ரவரி 28

அண்ணா,

குளிரவில்லை.

டீ சமாச்சாரம் எனக்குத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியும் என்று நான் சொன்னது பொய். அவர் சுவரில் கிறுக்குவார் என்பது மட்டும்தான் தெரியும். பொய் சொல்வதை உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன்.

கண்ணாடிக் கடையில், மத்தியான நேரம், கூட்டமில்லாதபோது உன் கடிதத்தைப் பிரித்தேன். நான் அங்கே வருகிறவர்களின் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். 'முட்டிக்கு என் வணக்கம்' என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளி திரும்பிப் பார்த்தார். டீயைப் படித்ததும் அதே துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உனக்கு நன்றி சொல்வேன் என்று நினைக்காதே. அது உன் எழுத்து இல்லை, அவருடையது. நீ தபால்காரன், அவ்வளவுதான்.

இங்கே நான்கு வருடமாக ஒரே மளிகைக் கடைக்குப் போகிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு என்ன வேண்டும் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். நம் தெருமுனைக் கடைக்காரர் என் தலை தெரிந்ததும் எடுத்து வைத்துவிட்டு, "இன்னிக்கு ஏன் லேட்டு?" என்று கோபித்துக்கொள்வார். என்னைக் கோபித்துக்கொள்ள இங்கே யாருமில்லை. அதையும் நீதான் எடுத்துக்கொண்டாய்.

அடுத்தது அச்சகம்.


மார்ச் 12

தங்கைக்கு,

அச்சகம், எட்டு மாடி. இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறினேன்.

நாற்காலி இருக்கிறது. ஒரு கால் போய்விட்டது. அந்த இடத்தில் வீணான காகிதத்தைக் கட்டுக்கட்டி முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முறைவைத்து அதில் உட்காருவார்களாம். "யார் நாற்காலி இது?" என்று பைண்டரைக் கேட்டேன். "லிப்ட்காரரோடது. அவர் வந்தா எழுந்துடுவோம்" என்றார். வரமாட்டார் என்று நான் சொல்லவில்லை.

சுவரில்: 'மச்சான் வரல. அவருக்குப் பதிலா மழை வந்துச்சு. மழைகிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்.' பென்சில் எழுத்தின் மேல் ஒரு நீர்க்கறை வழிந்திருக்கிறது.

நானும் கொஞ்ச நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கிழக்கே ஆறு தெரிந்தது. அப்பா நம்மை அழைத்துப் போகும் பாலம், நம் பழைய வீட்டின் பின்பக்கம், நான் படித்த பள்ளிக்கூடத்து மைதானம், எல்லாம் ஒரே பார்வையில். இத்தனை வருடம் இதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கொடுத்துவைத்தவர் என்று தோன்றியது.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

அந்த நாற்காலியில் உட்கார உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

'கொடுத்துவைத்தவர்' என்று இன்னொரு தடவை எழுதினால் கடிதத்தைப் பாதியில் கிழித்துவிடுவேன். நீ நெகிழ்வதைப் படிக்க நான் தபால் தலை ஒட்டவில்லை.

அடுத்தது பேங்க் குவார்ட்டர்ஸ்.


மார்ச் 30

தங்கைக்கு,

இதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பேங்க் குவார்ட்டர்ஸ் மெஷின் ரூம் சுவரில் இப்படி எழுதியிருக்கிறது: 'மச்சான் வரல. இங்கயும் மூணாம் மாடிப் பூட்டு தேயுது. சொல்லியாச்சு. ரெண்டு தடவை சொல்லியாச்சு.' நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. அதில் தமாஷ் எதுவும் இல்லை.

இறங்கும்போது மூன்றாம் மாடியில் நின்றேன். லிப்ட் தரைத்தளத்தில் இருந்தது. கதவை இழுத்தேன். திறந்துகொண்டது.

உள்ளே ஒன்றுமில்லை. கிரீஸ் வாசனை, கறுத்த சுவர், ஆடுகிற கயிறு. கீழே யாரோ இரண்டு பேர் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது. என் செருப்பின் நுனி விளிம்பைத் தாண்டியிருந்தது. பின்னால் எடுத்து வைக்கக் கால் வரவில்லை. போன மாதம்தான் இந்தக் கட்டிடத்து அட்டையில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சரி என்று.

லிப்டை நிறுத்தி எல்லா மாடியிலும் பலகை மாட்டினேன். ஓய்வுபெற்ற கேஷியர் ஒருவர் காய்கறிப் பையோடு வந்தார்.

"எப்ப சரியாகும்?"

"பூட்டெல்லாம் மாத்தணும். பத்து நாள் ஆகும்."

"போன மாசம்தானே செக் பண்ணீங்க?"

நான் பலகையின் கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

"பண்ணீங்களா இல்லையா?"

"இல்ல" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். ஐந்தாம் மாடி வீடு. அவர் செருப்புச் சத்தம் நின்று நின்று மேலே போவதைக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு நம் கம்பெனி பார்க்கிற எல்லாக் கட்டிடத்துக்கும் ஏறிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இன்னும் இரண்டை நிறுத்தியிருக்கிறேன். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு போகிறேன். நீ சொல்லி அல்ல.

ரயில் அந்த வளைவில் இப்போதும் மெதுவாகத்தான் போகிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

ரயிலைப் பற்றி எழுதிய வரியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டேன். வேறு காகிதத்தில் அப்படியே எழுதித் திரும்ப ஒட்டிவிட்டேன், கவலைப்படாதே. உன் கடிதங்களில் எதுவும் குறையக் கூடாது.

நல்லவனாக மாறுவது உனக்கு வசதியாக இருக்கிறது. பூட்டை மாற்றுகிறாய், பலகை மாட்டுகிறாய், முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொள்கிறாய். இரண்டு தடவை சொன்ன மனிதர் கிடங்கில் மூட்டை அடுக்கிச் செத்தார். நீ இப்போது ஏறுகிற ஒவ்வொரு படியும் அவர் இருக்கும்போது ஏறியிருக்க வேண்டியது.

நான்காவது, அந்த ஏழு மாடிக் கட்டிடம். உச்சி வரை போக வேண்டாம். மூன்றாம் மாடி போதும். தையல்காரம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரிடம் போய் அட்டையில் கையெழுத்துப் போட்டது யார் என்று சொல். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. நான்கு வருடமாக என் வீட்டுக்காரரைச் சபித்த வாய் அது. அந்தச் சாபம் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரட்டும்.

எழுதி முடி. பிறகு அட்டையைப் பற்றிப் பேசலாம்.


ஏப்ரல் 24

தங்கைக்கு,

மூன்று தடவை அந்தக் கட்டிடத்து வாசல் வரை போய்த் திரும்பினேன். நேற்று ஏறினேன்.

அந்த அம்மா தையல் மெஷினைக் கையால் சுற்றும்படி மாற்றி வைத்திருக்கிறார். ஏதோ சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும், "லிப்ட் கம்பெனியா? நான் அதுல போறதில்ல. நல்லா ஓடுது, கிளம்புங்க" என்றார். அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். பூட்டு, அட்டை, மாப்பிள்ளை பெயரில் நான் எழுதியது, எல்லாம். அவர் சக்கரத்தை நிறுத்தவில்லை. ஒரு காலர் முடிந்து இன்னொன்றை எடுத்தார்.

"அப்ப, அந்த மெக்கானிக் இல்லையா?"

"இல்லம்மா. நான்."

"அவரு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. முதல் தடவை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ரெண்டாவது தடவை தண்ணி டம்ளரைத் தூக்கி அடிச்சேன். புருவத்துல பட்டுச்சு. துடைச்சுக்கிட்டுப் போனாரு. ஒரு வார்த்தை சொல்லல." தைத்துக்கொண்டே கேட்டார், "இப்ப எங்க இருக்காரு?"

"இறந்துட்டார்."

அப்போதுதான் சக்கரம் நின்றது.

இனி நீ கேட்காதது. அதையும் எழுதுகிறேன். "இது வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். "என் தங்கச்சிக்குத் தெரியும். அவர் சம்சாரம்" என்றேன்.

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேவா?" என்றார். அப்புறம் சொன்னார், "அப்ப குடும்பமே கூடி உட்கார்ந்துதான் முடிவு பண்ணியிருக்கீங்க."

மாப்பிள்ளை காட்டிக் கொடுக்கத்தான் நினைத்தார், தங்கைதான் தடுத்தாள் என்பதையும் சொன்னேன். உண்மையைச் சொல்லச் சொன்னது நீதானே. பாதி உண்மை சொன்னால் மறுபடியும் படியேறச் சொல்வாய் என்று முழுவதையும் சொல்லிவிட்டேன். சாபம் சரியான விலாசத்துக்கு வந்தது. ஆனால் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், அவ்வளவுதான்.

நான்கும் முடிந்தது. அட்டையை அனுப்பு.

அண்ணன்


மே 11

அண்ணா,

இந்தக் கடிதத்தின் தபால் முத்திரையைப் பார். உள்ளூர். நான் வந்து ஒன்பது நாள் ஆகிறது. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பூட்டுக் கடைக்கு மேல் அறை எடுத்திருக்கிறேன்.

வந்த இரண்டாம் நாள் தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தார், உள்ளே விடவில்லை. தரையில் உட்கார்ந்தபடி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வேணாம். உங்க வீட்டுக்காரர் மேல நான் டம்ளரை எறிஞ்சப்ப நீங்க வராந்தாவுலதானே நின்னீங்க? எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். ஆமாம், நின்றேன். புருவத்தில் ரத்தத்தோடு அவர் வெளியே வந்தபோது என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

நீ அந்த வரியை எழுதும்போது உனக்குச் சுகமாக இருந்திருக்கும். இருக்கட்டும். உன்னிடம் நான் வேறு எதை எதிர்பார்த்தேன்?

இனி அட்டை. ஒரு அட்டையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்துவிட முடியும் என்று ஜனவரியில் நீதான் கேட்டாய். நியாயமான கேள்வி. அதற்குத்தான் உன்னை எழுத வைத்தேன். ஆறு கடிதம். அத்தனையும் உன் கையெழுத்து. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும், அவர் பெயரில் போலி அட்டை எழுதியதும், அவர் சுவரில் தேதி போட்டு எழுதி வைத்ததும், எல்லாம் நீயே எழுதிக் கொடுத்தது. அட்டையோடு சேர்த்து ஆறையும் ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். ஏழாவதாக நானும் ஒன்று எழுதி வைத்தேன். அட்டையை நான்கு வருடம் ஒளித்து வைத்தவள் நான் என்று. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையைச் சொல்லி ஊரே சிரிக்கும். என் மூக்கு போனால் போகிறது.

அட்டையைத் திருப்பித் தருவதாக நான் எங்கேயும் எழுதவில்லை. எடுத்துப் படித்துப் பார். 'பேசலாம்' என்றுதான் எழுதினேன்.

விசாரணை 22ஆம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. உனக்கும் நோட்டீஸ் வரும்.


மே 16

நோட்டீஸ் வந்துவிட்டது. நீ என் தங்கைதானா?

ஐந்து மாதம் என்னைப் படிப்படியாக ஏற்றி இறக்கியிருக்கிறாய். நான் முட்டாள் மாதிரி ஒவ்வொரு மாடியிலும் நின்று உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். கடைசி இரண்டு மூன்று கடிதம் பயத்தில் எழுதியது இல்லை. கடிதம் எழுத ஆளிருக்கிறது என்று எழுதினேன். அதையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டாய்.

கம்பெனிக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. நான் வியாழக்கிழமை வரமாட்டேன். பெரியவள் மாப்பிள்ளை வேறு ஊரில் வீடு பார்த்திருக்கிறார். புதன்கிழமை ரயில். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. நிம்மதியாக இருப்பேன். நீயும் உன் விசாரணையும் இந்த ஊரை வைத்துக்கொள்ளுங்கள்.


மே 18

அண்ணா,

போ. நான் தடுக்க மாட்டேன். ஊரை விட்டுப் போகிறவனுக்கு என்ன ஆகும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து நான்கு வருடம் பார்த்தவள், சொல்லி அனுப்புகிறேன்.

முதல் மாதம் நன்றாக இருக்கும். யாருக்கும் உன்னைத் தெரியாது. பிறகு ஒரு நாள் செருப்பு அறுந்துபோகும். எங்கே தைப்பார்கள் என்று யாரையாவது கேட்பாய். ரொம்ப மரியாதையாக, "நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க, சார்" என்பார்கள். அந்த 'சார்' சுருக்கென்று குத்தும். இங்கே உன்னை யார் சார் என்கிறார்கள்? "என்ன முட்டி, வெயில்ல எங்க கிளம்பிட்டே?" என்றுதான் தெருவே கேட்கும். அங்கே உன் முட்டி வெறும் முட்டி.

அப்புறம் ஒரு தமாஷ் சொல்வாய். யாரும் சிரிக்க மாட்டார்கள். விளக்குவாய். மரியாதைக்குச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு தமாஷ் சொல்வதை விட்டுவிடுவாய். பஸ்ஸில் தூங்கிப்போவாய். இங்கே எந்த வளைவில் பஸ் சாயும் என்று உடம்புக்கே தெரியும், தானாக விழிப்பு வரும். அங்கே கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டுவார். இறங்கி நின்று, திரும்பிப் போக எந்த பஸ் என்று கேட்பாய்.

பிறகு பொய் சொல்லத் தொடங்குவாய். எங்கள் ஊர்த் தண்ணீர் இனிக்கும் என்பாய். நம் ஊர்த் தண்ணீர் எப்போது இனித்தது? அவர் கடைசியில் ஊரில் வெயிலே அடிக்காது என்றார். அப்படித்தான் என்று நான் தலையாட்டினேன். உனக்கு யார் தலையாட்டுவார்கள்? அண்ணிக்கு இந்த ஊரைக் கண்டாலே ஆகாது.

இங்கே இருந்து வசவு வாங்கலாம். அங்கே போய் ஏங்கலாம். இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கொடியது. அதனால்தான் நீ போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

போகப் பிடிக்கவில்லை என்றால் வியாழக்கிழமை பத்து மணிக்கு வா. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.


மே 22, காலை

தங்கைக்கு,

பியூனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது இங்கிருந்து தெரிகிறது. தையல்காரம்மாவை நாற்காலியோடு இரண்டு பேர் இப்போதுதான் படி வழியாகத் தூக்கி வந்தார்கள். என்னைத் தாண்டும்போது, "வந்துட்டீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

நேற்று ரயிலடி வரை போனேன். பெட்டியை ஏற்றிவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கினேன். ரயில் கிளம்பியது. நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி ஜன்னலில் கத்திக்கொண்டே போனாள். தைரியம் என்று நினைத்துவிடாதே. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அங்கே போய் சார் ஆவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. இனி இந்த ஊர் என்னைக் காறித் துப்பும். துப்பட்டும். துப்புகிறவனுக்கு நான் யாரென்று தெரிந்திருக்கும்.

நீ என்னைத் துரத்த அதை எழுதினாயா, வரவழைக்க எழுதினாயா என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. கேட்கவும் போவதில்லை.

அட்டையைக் காட்டினால் என்னுடையது என்பேன். மாப்பிள்ளை இரண்டு தடவை சொன்னார் என்பேன். உன்னைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்வேன், உனக்காக மழுப்புவேன் என்று எதிர்பார்க்காதே. நீயும் எனக்காக ஒரு வார்த்தையைக் குறைக்காதே.

முதலில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.